வேண்டாம் என்று சொல்ல வசதியாக அனுப்புங்கள்

எனக்கு வரும் கோட் மாற்றங்களில் எதை முதலில் பார்ப்பேன் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: எது சின்னதோ அதை. அவசரம், முக்கியம் எல்லாம் அப்புறம். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கான உற்பத்தி, கூலிக் கணக்கு மென்பொருள் ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். அவிநாசியில் நான், சரவணம்பட்டியில் இரண்டு பேர், ஈரோட்டிலும் காங்கேயத்திலும் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள், அப்புறம் வாடிக்கையாளர் கம்பெனிகளின் சொந்த ஐடி ஆட்கள் என்று எல்லோரும் ஒரே ரெப்போவுக்குத்தான் (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் பொதுக் கிடங்கு) அனுப்புகிறார்கள். கடைசியில் மெர்ஜ் பட்டனை அழுத்தி மாற்றத்தைச் சேர்ப்பது நான். ‘அக்கா, டிசி நம்பர் ரிப்பீட் ஆகுதுங்க’ என்று ஒரு யூனிட்டிலிருந்து வரும் போனுக்கும், ‘டையிங்ல இருந்து வந்த துணி வெயிட் ஒத்து வரலீங்க’ என்ற அடுத்த போனுக்கும் நடுவில் அரை மணி கிடைத்தால், நாற்பது வரி மாற்றத்தைப் படித்து முடித்துவிடுவேன். இரண்டாயிரம் வரி மாற்றம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போகும். ஞாயிற்றுக்கிழமை கோபியில் யாராவது ஒரு பங்காளி வீட்டில் காதுகுத்து இருக்கும்.

புதிதாக அனுப்புபவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலை: எப்படி ஏற்க வைப்பது? அதனால் நிறையச் சேர்க்கிறார்கள். ஒரு பிழையைத் திருத்தும்போதே பக்கத்து ஃபங்ஷனையும் அழகாக்கி, பழைய வேரியபிள் பெயரை மாற்றி, கூடவே ஒரு புது ரிப்போர்ட்டும் வைத்து அனுப்பினால் ‘எவ்வளவு வேலை செய்திருக்கிறான்’ என்று தோன்றும் என்று ஒரு கணக்கு. இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அது வேறு மாதிரி தெரியும். நான்கு விஷயத்தில் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் மற்ற மூன்றும் அதோடு சேர்ந்து நிற்கும். ஆகவே என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் தலைகீழாகச் சொல்வேன்: மறுக்க வசதியாக அனுப்புங்கள். ‘இது சரி, இது வேண்டாம், இது அப்புறம்’ என்று பிரித்து எடுக்க முடிகிற மாற்றத்துக்கு நான் சீக்கிரம் சரி என்பேன். மொத்தமாக விழுங்கு அல்லது துப்பு என்று வருவதைக் கண்டால் கை தானாகவே அடுத்த டேபுக்குப் போய்விடும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். பனியன் கம்பெனியில் காலை 8:30 முதல் மாலை 5:30 வரை ஒரு ஷிஃப்ட். இரவு 8:30 வரை நின்றால் ஒன்றரை ஷிஃப்ட். இது ஊரறிந்த கணக்கு. எங்கள் மென்பொருளில் சரியாக 8:30க்கு வெளியேறியவர்களுக்கு அந்த அரை ஷிஃப்ட் ஏறவில்லை. காங்கேயத்துத் தம்பி ஒருவர் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். திருத்தம் என்னவோ ஒரே எழுத்துதான். நேரத்தை ஒப்பிடும் இடத்தில் இருந்த > என்ற குறி >= ஆகியது. ஆனால் புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது ‘இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அவர் அனுப்பிய கோரிக்கையை, திறந்தால் அறுநூற்றுச் சொச்சம் வரி மாறியதாகச் சிவப்பும் பச்சையுமாக நிற்கிறது. அவருடைய எடிட்டர் சேமிக்கும்போது ஃபைல் முழுக்க ஸ்பேஸை டேப் ஆக்கி, விண்டோஸ் பாணி வரிமுடிவையும் போட்டுவிட்டது.

‘ஏனுங்கக்கா, நான் ஒரே ஒரு எழுத்துத்தானுங்க மாத்துனேன்’ என்றார் போனில். உண்மைதான். ஆனால் அந்த ஒரு எழுத்து எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில், வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் கட்டளைக்கு டபிள்யூ கொடி (-w) போட்டு, இடைவெளி மாற்றங்களை ஒதுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். எனக்கு அந்தக் கொடி தெரியும், சரி. மூன்று வருடம் கழித்து ‘இந்த வரியை யார் எழுதினார்கள், ஏன்’ என்று கிட் பிளேம் போடுகிறவருக்கு அந்த ஃபைலின் ஒவ்வொரு வரிக்கும் காங்கேயத்துத் தம்பி பெயர்தான் வரும். அவர் எழுதாத பிழைக்கெல்லாம் அவருக்குப் போன் போகும். இதைச் சொன்னதும்தான் ‘அய்யோ, பிரிச்சே தர்றனுங்க்கா’ என்றார்.

கட்டிங் முடிந்து தையலுக்குப் போகும் ஒவ்வொரு பண்டலிலும் ஒரு டிக்கெட் கட்டியிருப்பார்கள். ஸ்டைல், சைஸ், கலர், எத்தனை பீஸ் என்று அதில் இருக்கும். ஒரு பண்டலுக்குள் எம் சைஸும் எல் சைஸும் கலந்துவிட்டால் டிக்கெட்டை நம்பிப் பயனில்லை, செக்கிங் டேபிளில் மொத்தத்தையும் பிரித்துக் கொட்டித்தான் ஆக வேண்டும். கமிட்டும், அதாவது கிட்டில் ஒரு மெசேஜோடு பதியும் ஒரு தொகுதி மாற்றமும், அப்படித்தான் என்று சொன்னால் திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

பிரிப்பதற்குக் கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. கமிட்டுக்கு மாற்றங்களை எடுத்து வைக்கும் கிட் ஆட் கட்டளையோடு பி கொடி (-p) போட்டால், மாற்றத்தைத் துண்டு துண்டாகக் காட்டி ‘இதைச் சேர்க்கவா, வேண்டாமா’ என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். பல பேர் வருடக் கணக்கில் கிட் பயன்படுத்திவிட்டு இதைத் தொட்டதே இல்லை. எல்லாவற்றையும் அள்ளிப் போடும் ‘கிட் ஆட் புள்ளி’தான் பழக்கம். நான் பி கொடி இல்லாமல் ஆட் செய்வதே அபூர்வம். காரணம் பிரிப்பது மட்டுமல்ல, அனுப்பும் முன் என் மாற்றத்தை நானே ஒரு தடவை படித்துவிடுகிறேன். டீபக் செய்யப் போட்ட பிரிண்ட் வரி, ‘இங்க வந்துருச்சு’ என்று எழுதி மறந்தது, எல்லாம் அங்கேயே மாட்டும்.

ஃபைல் முழுவதையும் ஒரே பாணிக்குக் கொண்டுவருவது தப்பு என்று சொல்லவில்லை. அதைத் தனி கமிட்டாகச் செய்யுங்கள், வேறு எதையும் அதில் சேர்க்காதீர்கள். 2019ல் வந்த கிட் 2.23லிருந்து, இப்படிப்பட்ட கமிட்களின் எண்ணை ஒரு ஃபைலில் எழுதி பிளேமுக்குக் காட்டிவிட்டால், அது அவற்றைத் தாண்டிப் போய் உண்மையில் எழுதியவரைக் காட்டும். எடிட்டர்கள் சண்டை போடாமல் இருக்க ரெப்போவிலேயே ஒரு எடிட்டர்கான்ஃபிக் ஃபைல், வரிமுடிவுக்கு ஒரு கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைல். இரண்டும் சேர்த்து இருபது வரி வராது. காங்கேயத்துத் தம்பியின் விஷயத்தில் எடிட்டரைக் குறை சொன்னோம் என்றாலும், அந்த இரண்டு ஃபைலும் முதலிலேயே இருந்திருந்தால் பேச்சே வந்திருக்காது.

அடுத்தது கமிட் மெசேஜ். எங்கள் பழைய வரலாற்றைப் புரட்டினால் ‘ஃபிக்ஸ்’, ‘சேஞ்சஸ்’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘சார் சொன்ன மாற்றம்’ என்று வரிசையாக இருக்கும். எந்த சார், என்ன சொன்னார் என்று இன்று யாருக்கும் தெரியாது. அவர் வேலையை விட்டுப் போய் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்துவிட்டார் என்று மட்டும் கேள்வி.

என்ன மாறியது என்பதை டிஃப் காட்டிவிடும். ஏன் மாறியது என்பதை மெசேஜ்தான் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஒரு எழுத்துத் திருத்தத்துக்குப் பிற்பாடு எழுதிய மெசேஜ் இது:

‘ஷிஃப்ட்: சரியாக 8:30க்கு வெளியேறினாலும் அரை ஷிஃப்ட் சேர்

வெளியேறும் நேரம் 8:30ஐத் தாண்டினால் மட்டுமே அரை ஷிஃப்ட் சேர்கிறது. பஞ்ச் மெஷின் நொடியை வெட்டிவிட்டு நிமிடம் வரைதான் அனுப்புகிறது. எனவே 8:30 தாண்டி நாற்பது நொடி கழித்து வெளியேறியவரும் 8:30 என்றே பதிவாகி, அரை ஷிஃப்ட் கூலியை இழக்கிறார். எல்லை நேரத்தையும் சேர்த்துக்கொள்.

பழைய பதிவுகளை இது திருத்தாது. அதற்குத் தனி மாற்றம் வரும்.’

திருத்தம் ஒரு எழுத்து, மெசேஜ் இவ்வளவு. விகிதம் சரிதானா என்று சிலர் சிரிக்கிறார்கள். பஞ்ச் மெஷின் நொடியை வெட்டுகிறது என்ற தகவல் கோடில் எங்கேயும் கிடையாது. அது அந்த மெஷின் சப்ளையரோடு பேசித் தெரிந்துகொண்ட விஷயம். நாளைக்கே நொடி அனுப்பும் மெஷின் வந்தால், இந்த >= இன்னும் வேண்டுமா என்று முடிவு செய்ய அந்த ஒரு வாக்கியம்தான் உதவும். கடைசி இரண்டு வரியையும் கவனியுங்கள். ‘இது எதைச் செய்யாது’ என்று எழுதுவதை யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு ரிவ்யூவில் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு மாற்றம் அனுப்புவது எப்படி என்று அவர்களே ஒரு ஆவணம் வைத்திருக்கிறார்கள். முதலில் பிரச்சினையைச் சொல், பயனருக்கு அது எப்படித் தெரியும் என்று சொல், பிறகு என்ன செய்தாய் என்று சொல், கோடுக்கு உத்தரவு போடுவது போல எழுது என்று அதில் இருக்கிறது. மேலே ‘சேர்’, ‘சேர்த்துக்கொள்’ என்று எழுதியிருப்பது அங்கிருந்து வந்த பழக்கம்தான். முந்தைய கமிட் ஒன்றில் நுழைந்த பிழையைத் திருத்தினால், அந்தக் கமிட் எண்ணின் முதல் 12 எழுத்தை ‘ஃபிக்சஸ்’ என்று தனி வரியில் குறிக்கச் சொல்கிறார்கள். பழைய வெர்ஷனைப் பராமரிப்பவர் எதையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தேட அந்த வரி போதும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் திட்டம் அது. அந்தத் திட்டத்துக்காகத்தான் அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டையே எழுதினார். ஆகவே கிட்டின் பல விநோதங்கள், முன்பின் தெரியாதவர் அனுப்பியதைப் படித்துத் தரம் பார்க்கிற ஒருவருடைய மேஜையிலிருந்து வந்தவை என்று நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும்.

தமிழில் மெசேஜ் எழுதலாமா என்று கேட்பார்கள். எங்கள் ரெப்போவில் தாராளமாக. கிட் அதை யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் பைட்களாக எழுதும் முறை) என்றே எடுத்துக்கொள்ளும். தலைப்பு வரி 50 எழுத்துக்குள் இருக்கட்டும் என்ற வழக்கத்தில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. ‘கோயம்புத்தூர்’ நமக்கு ஏழு எழுத்து. ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண் தரும் யூனிகோடுக்கு 13 குறியெண். பைட் கணக்கில் 39. நீளம் சோதிக்கும் ஸ்கிரிப்ட் பைட் எண்ணுகிற வகையாக இருந்தால், ஊர் பெயருக்குப் பின் இன்னொரு சொல் எழுதுவதற்குள் வரி நிறைந்துவிட்டது என்று கத்தும். நாங்கள் அந்தச் சோதனையைத் தமிழ் எழுத்து எண்ணும்படி மாற்றிவிட்டோம். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் ஃபங்ஷன் தயாராகவே இருக்கிறது. வெளியாட்களோடு சேர்ந்து வேலை செய்யும் திட்டமென்றால் அவர்கள் மொழிதான், அதில் வாதம் இல்லை.

ஒவ்வொரு கமிட்டும் தன் காலில் நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு பைசெக்ட்தான் காரணம். போன மாதம் சரியாக வந்த ரிப்போர்ட் இந்த மாதம் தப்பாக வருகிறது, நடுவில் ஆயிரம் கமிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட் பைசெக்ட் பாதி பாதியாக வெட்டி, பத்துச் சோதனைக்குள் குற்றவாளிக் கமிட்டைக் காட்டிவிடும். ஆனால் நடுவில் உள்ள கமிட்டில் மென்பொருள் ஓடவே ஓடாது என்றால் தேடல் அங்கே நொண்டும். ‘அடுத்த கமிட்டில் சரி செய்துவிட்டேனே’ என்பது அப்போது உதவாது. அனுப்பும் முன் ரீபேஸ் செய்து, அதாவது கமிட்களைத் திரும்ப அடுக்கி, திருத்தத்தை அதற்குரிய கமிட்டிலேயே கலந்துவிட வேண்டும். ஃபிக்ஸப் என்று கமிட் போட்டு வைத்தால் ரீபேஸின் ஆட்டோஸ்குவாஷ் கொடி அதைப் பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் சொந்த ஊர் ரெப்போ. முகம் தெரியாத வெளித் திட்டத்துக்கு அனுப்புவது வேறு கலை. அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

குறிப்பு எழுதி வைக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை நான் பயன்படுத்துகிறேன். அதில் ‘கொங்கு’ என்று தேடினால் சில குறிப்புகள் வருகின்றன, சில வருவதில்லை. கண்ணால் பார்த்தால் இரண்டிலும் ‘கொங்கு’தான். விஷயம் எழுத்துக்குள் இருந்தது. ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ‘ொ’ என்ற ஒரே குறி. அல்லது க-வுக்குப் பின் ‘ெ’, அதன் பின் ‘ா’ என்று இரண்டு குறி. முதல் வகையில் ‘கொங்கு’ ஆறு குறியெண், இரண்டாவதில் ஏழு. திரையில் ஒரு வித்தியாசமும் இல்லை. பழைய பாமினி எழுத்துரு ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றித் தந்த ஏதோ ஒரு கருவி எனக்கு இரண்டாவது வகையைக் கொடுத்திருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் தரமே சொல்கிறது. ஒப்பிடும் முன், இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் வேலை முடிந்தது. பைத்தானில் அது ஒரு வரி.

அந்த ஒரு வரியை எழுதும் முன் செய்ததுதான் பெரிய வேலை. முதலில் அவர்களுடைய பங்களிப்பு வழிகாட்டியைப் படித்தேன். அப்புறம் பழைய புகார்களைத் தேடினேன். கொரிய மொழிக்காரர் ஒருவர் இதே பிரச்சினையைப் போட்டு, பதில் இல்லாமல் கிடந்தது. கொரிய எழுத்தையும் அசையாகவும் பிரித்தும் இரண்டு விதமாக எழுத முடியும். புதிதாக ஒன்று திறக்காமல் அதன் கீழேயே என் உதாரணத்தைச் சேர்த்தேன். தனித்தனியாகக் கத்தும் இரண்டு மொழிக்காரர்களைவிட ஒரே இடத்தில் நிற்கும் இரண்டு மொழிக்காரர்களுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கும்.

அந்தத் திட்டத்தைப் பராமரிப்பவருக்குத் தமிழ் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாலும் பயனில்லை, படத்தில் இரண்டும் ஒன்றேதான், தமிழ் தெரிந்தவருக்கே தெரியாது. ஆகவே திருத்தம் வேலை செய்கிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்டில் தமிழ் எழுத்தை நேரடியாகப் போடாமல் குறியெண்களை எண்ணாகவே எழுதினேன். எடிட்டரோ கிட்ஹப் தளமோ நடுவில் அதை ‘சரி’ செய்துவிடாமல் இருக்கவும் அதுதான் வழி. அதோடு பிரெஞ்சு ‘கஃபே’ என்ற சொல்லின் கடைசி எழுத்தை, அந்த மேல்கோட்டோடு ஒரே குறியாகவும், எழுத்தும் கோடும் தனித்தனியாகவும் எழுதி இன்னொரு டெஸ்ட் வைத்தேன். தமிழில் உள்ள பிழை, அவர் தினம் பார்க்கிற எழுத்திலும் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது. டெஸ்ட்டும் திருத்தமும் ஒரே கமிட். தோற்கும் டெஸ்ட்டை மட்டும் முதலில் தனியாகச் சேர்ப்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் அந்தக் கமிட் பைசெக்ட்டுக்கு முள்.

இரண்டாவதாக ஒரு கமிட்டும் வைத்தேன்: குறிப்பைச் சேமிக்கும்போதே என்எஃப்சிக்கு மாற்றிவிடுவது. எனக்கு அது நல்ல யோசனை என்றே தோன்றியது. ஆனால் முதல் கமிட் இதை நம்பி நிற்கக் கூடாது என்று கவனமாக இருந்தேன். பதில் வந்தது. முதலாவது சரி. வேகம் குறையுமா என்று ஒரு கேள்வி. ஏற்கெனவே என்எஃப்சியில் இருப்பதைச் சோதித்துத் தாண்டிவிட பைத்தான் 3.8லிருந்து ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதைச் சேர்த்துவிட்டேன். இரண்டாவது வேண்டாம் என்றார். பயனர் எழுதியதை அவருக்குத் தெரியாமல் ஒரு பைட்கூட மாற்ற மாட்டோம், ஒத்திசைவுக்கான கணக்கெல்லாம் அந்த பைட்களின் மேல்தான் நிற்கிறது என்று காரணம். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அவர் இரண்டாவதை உதிர்த்துவிட்டு முதலாவதை அன்றே சேர்த்துக்கொண்டார். ஒரே கமிட்டாகக் கட்டியிருந்தால், எனக்கு ‘கொங்கு’ கிடைக்க இன்னும் எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ.

அப்போது கை துறுதுறுத்த இன்னொரு விஷயமும் உண்டு. ‘ஔவை’ என்பதைச் சிலர் ஒ-வோடு ள-வைத் தட்டி ‘ஒளவை’ என்று எழுதிவிடுவார்கள். பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அது யூனிகோட் கணக்கில் வேறு சொல், என்எஃப்சி அதைத் தொடாது. அதையும் சேர்த்துத் தீர்க்கலாம் என்றால் அது வடிவம் மாற்றுவது அல்ல, எழுத்துப்பிழை திருத்துவது. அதற்குத் தனி வாதம் தேவை. விட்டுவிட்டேன்.

ரிவ்யூவில் பேசுவது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து மரியாதை இதில் குறுக்கே வரும். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று நம் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். ‘பாத்துக்கலாமுங்க’ என்று வைத்துவிடுவார்கள். கல்யாணப் பேச்சில் அது சமாளிப்பு. புல் ரிக்வெஸ்ட்டில் அது கொடுமை, அனுப்பியவர் மாதக் கணக்கில் காத்துக்கொண்டிருப்பார். வேண்டாம் என்றால் அன்றைக்கே காரணத்தோடு வேண்டாம் என்று எழுதி மூடிவிடுவதுதான் மரியாதை. அந்தப் பக்கமும் இதே கதை. சீனியர் ஒருவர் எட்டு கமெண்ட் போட்டால் எட்டுக்கும் ‘சரிங்ண்ணா’ என்று பதில் வரும். அதில் இரண்டு வெறும் ரசனை, ஒன்று ஏற்கெனவே முடிவான விஷயத்துக்கு எதிர். ‘இல்லீங்ண்ணா, இது ஏன் இப்படின்னா’ என்று ஒரு வரி எழுத நம் பிள்ளைகளுக்கு வாய் வருவதில்லை. அதற்காக ஒரு ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு கமெண்ட்டின் முன்னும் ‘கட்டாயம்’, ‘விருப்பம்’, ‘கேள்வி’ என்று மூன்றில் ஒன்றைப் போட வேண்டும். ‘விருப்பம்’ என்று இருந்தால் ஏற்காமல் விடலாம், விளக்கம்கூடத் தேவையில்லை. ‘கேள்வி’ என்றால் பதில்தான் வேண்டும், கோடை மாற்ற வேண்டியதில்லை. வந்த புதிதில் செயற்கையாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

கேள்விக்கான பதிலை உரையாடலில் மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஒருவருக்குப் புரியாதது அடுத்தவருக்கும் புரியாது. கோடில் ஒரு கமெண்ட்டாகவோ, கமிட் மெசேஜில் ஒரு வாக்கியமாகவோ அது போய்ச் சேரட்டும். பதில் வரவில்லை என்றால் ஒரு வாரமாவது பொறுங்கள். கெர்னல் ஆவணமும் அதைத்தான் சொல்கிறது. வாட்ஸப்பில் ‘அக்கா, பாத்தீங்களா?’ என்பது அந்த ஒரு வாரத்தில் அடங்காது.

படிக்க முடியாத எதையும் மாற்றத்தில் வைக்காதீர்கள். மெஷின் உருவாக்கிய ஃபைல், பைனரி ஃபைல் எல்லாம் இதில் வரும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் பின்கதவு வைத்திருந்தது வெளிப்பட்டதே, அதன் விஷம் இருந்தது டெஸ்ட்டுக்கான ஃபைல்கள் என்ற பெயரில் சேர்க்கப்பட்ட பைனரிகளுக்குள்தான். சேர்த்தவர் வருடக் கணக்கில் ஒழுங்காகப் பங்களித்து நம்பிக்கை பெற்றவர். தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டியதால் பிடிபட்டது. அதற்குப் பிறகு பைனரி டெஸ்ட் ஃபைல் அனுப்பினால் ‘இதை எப்படி உருவாக்கினீர்கள், ஸ்கிரிப்ட் தாருங்கள்’ என்று கேட்பவர்கள் மேல் கோபப்படாதீர்கள்.

ஏஐ எழுதித் தந்த கோடைப் பற்றியும் இப்போதெல்லாம் கேட்கிறார்கள். எனக்கு அதில் பகை இல்லை, நானும் பயன்படுத்துகிறேன். நான் கேள்வி கேட்டால் பதில் உங்களிடமிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். என் கேள்வியை அப்படியே ஏஐக்குப் போட்டு அதன் பதிலை எனக்கு ஒட்டுவதென்றால், நடுவில் நீங்கள் எதற்கு? இணையத்தில் தரவு அனுப்பி வாங்கும் கர்ல் கருவித் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பர்க் 2024 தொடக்கத்திலேயே இப்படி வரும் வெற்றுப் பாதுகாப்புப் புகார்கள் தன் நேரத்தைத் தின்பதைப் பற்றி எழுதிவிட்டார். அனுப்ப ஒரு நிமிடம், பொய் என்று நிரூபிக்க அரை நாள்.

வேறு கம்பெனியில் எழுதிய கோடைக் கொண்டுவந்து ஒட்டுவது இன்னொரு தலைவலி. கெர்னலில் ஒவ்வொரு கமிட்டிலும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்று ஒரு வரி இருக்கும். இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதிமொழி அது, 2004ல் கொண்டுவந்தார்கள். வாடிக்கையாளர் கம்பெனி ஆட்கள் அனுப்பும் மாற்றங்களுக்கு நாங்களும் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

பாஸ்வேர்ட், ஆதார் எண், தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு உள்ள டேட்டாபேஸ் டம்ப் எதுவும் ரெப்போவுக்குள் வரவே கூடாது. வந்துவிட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பது அழிப்பே இல்லை, வரலாற்றில் அது அப்படியே இருக்கும். பாஸ்வேர்ட் என்றால் முதலில் அதை மாற்றுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வது அப்புறம். டெஸ்ட்டுக்குக் கற்பனைத் தொழிலாளர்களின் பட்டியல் ஒன்று ரெப்போவிலேயே வைத்திருக்கிறோம், அதைப் பயன்படுத்துங்கள்.

எங்கள் வழிகாட்டி ஃபைலைத் தமிழில் அரைப் பக்கமாகச் சுருக்கி வைத்திருக்கிறோம். அதில் வேறெங்கும் பார்க்காத ஒரு விதி இருக்கிறது: கூலிக் கணக்கைத் தொடும் மாற்றம் எதுவும் வெள்ளி, சனியில் மெர்ஜ் ஆகாது. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். ஒரு யூனிட்டில் கணக்கு நின்றால் மாலையில் நானூறு பேர் கேட்டுக்குள் நிற்பார்கள். தீபாவளிக்கு முந்தைய போனஸ் வாரங்களில் தடை முழுசாக இருக்கும். அந்த நாட்களிலும் தாராளமாக அனுப்புங்கள், நாங்கள் பார்ப்போம், கமெண்ட்டும் போடுவோம். மெர்ஜ் மட்டும், ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து யூனிட்டுகளில் மறுபடி மிஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான்.